முன்னால் வாளி, பின்னால் கத்தி

எங்கள் வட்டக்கோட்டைத் தோப்பில் மாமா டிராக்டரால் புல் வெட்டும்போது, முன்னால் மாட்டிய மண் அள்ளும் வாளியைக் கழற்றவே மாட்டார். "கழத்தி மாட்ட யாருக்கு மக்கா நேரம்?" (காமர்ஸ் படிப்பவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்காதீர்கள்!)

பழைய ஃபோர்ட்சன் டிராக்டரில் கலப்பை கல்லில் சிக்கினால் முன்பக்கம் எழும்பி, வண்டி ஓட்டுபவர் மேலேயே கவிழும். ஹாரி ஃபெர்குசன் 1926-இல் காப்புரிமை பெற்ற இணைப்பு அதைத் தடுத்தது; கலப்பையின் பாரத்தையும் பின்சக்கரத்தில் ஏற்றியது. 1960-இல் சென்னையில் தொடங்கிய டாஃபே மூலம் அது நம் வயல்களுக்கும் வந்தது.

வாளி அந்தக் கணக்கைத் தலைகீழாக்குகிறது. பாரம் முன்னே போய்விடும்; சாதாரண டிராக்டரில் பிரேக்கோ பின்சக்கரத்தில்தான். கத்தியைத் தூக்கினால் எடை ஓரளவு சமமாகும், ஆனால் வெட்டும்போது அது தரையில் அல்லவா கிடக்கிறது? வாளியை உயர்த்தினால் கவிழும் பயம், தாழ்த்தினால் தென்னை மூட்டில் இடி.

போன மாதம் சரிவில் வழுக்கிய மாமா குளத்தங்கரையில் போய்த்தான் நின்றார். வாளி இப்போது கொட்டகையில்.