ஆல்ப்ஸில் பனிச்சறுக்கு: எந்த ஊருக்குப் போகலாம்? பெயரை விட உயரம் ஏன் முக்கியம்?

2023-ம் ஆண்டு ஜனவரி முதல் வாரம். ஆல்ப்ஸ் மலையில் பனிச்சறுக்கு சீசன் களைகட்ட வேண்டிய நேரம். ஆனால், சுவிட்சர்லாந்தின் அடெல்போடனில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில், இருபக்கமும் புல்வெளி தெரிய, செயற்கைப் பனி கொட்டி உருவாக்கிய ஒரு வெள்ளைப் பட்டையில்தான் வீரர்கள் சறுக்கினார்கள். உயரம் குறைந்த பல ஊர்களில் லிஃப்டுகள் ஓடவே இல்லை. மாதக்கணக்கில் முன்பே பணம் கட்டிப் போனவர்களுக்குக் கிடைத்தது மழையும் சேறும்தான்.

ஆல்ப்ஸ் என்றாலே பனி இருக்கும் என்பது இப்போது உறுதியில்லை. ஆகவே குளிர்கால விடுமுறைக்கு ஊர் தேடும்போது ஹோட்டல் போட்டோவுக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். நாம போற வாரத்தில் அங்கே பனி இருக்குமா?

முதலில் பார்க்க வேண்டிய எண்

அந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் பதில் சொல்வது கடல் மட்டத்தில் இருந்து அந்த ஊரின் உயரம். ஆஸ்திரியாவின் கிட்ஸ்பூல் உலகப் புகழ் பெற்ற ஊர். 1931-ல் இருந்து ஹானன்காம் பந்தயம் நடக்கும் இடம். ஆனால் ஊர் இருப்பது சுமார் 760 மீட்டரில்தான், சறுக்கும் பகுதியின் உச்சியே 2,000 மீட்டர் அளவுதான். பிரான்ஸின் வால் தோரன்ஸில் ஊரே 2,300 மீட்டரில் இருக்கிறது. அதாவது கிட்ஸ்பூலின் மலை உச்சியை விட, வால் தோரன்ஸில் நீங்கள் காபி குடிக்கிற இடம் உயரம்!

2023-ல் 'நேச்சர் கிளைமேட் சேஞ்ச்' இதழில் வெளியான ஆய்வு, ஐரோப்பாவின் 2,234 பனிச்சறுக்கு மையங்களைக் கணக்கில் எடுத்தது. புவி வெப்பநிலை 2 டிகிரி உயர்ந்தால், செயற்கைப் பனி இல்லாத நிலையில், இவற்றில் 53 சதவீதம் மிகக் கடுமையான பனிப் பற்றாக்குறை அபாயத்தில் இருக்கும் என்கிறது அது. பிரான்ஸில் அன்னெசி அருகே உள்ள லா சாம்புயி என்ற சிறிய மையத்தை மூடும் முடிவை உள்ளூர் நிர்வாகம் அதே ஆண்டு எடுத்தது.

செயற்கைப் பனி இருக்கே, அப்புறம் என்ன கவலை என்று கேட்கலாம். பனி பீரங்கி நீர்த்துளிகளைக் குளிர்ந்த காற்றில் தெளித்து உறைய வைக்கிறது. அதற்கு வெப்பநிலை பூஜ்ஜியத்துக்குக் கீழே போக வேண்டும், காற்றில் ஈரப்பதமும் குறைவாக இருக்க வேண்டும். ஆக, பனி இல்லாத வெதுவெதுப்பான வாரத்தில்தான் அதற்கும் வேலை ஓடாது.

இன்னொன்று. விளம்பரங்களில் மலையின் உச்சி உயரத்தைத்தான் பெரிதாகப் போடுவார்கள். தொடக்கநிலையினர் பழகும் சரிவுகள் பெரும்பாலும் அடிவாரத்தில், ஊரை ஒட்டி இருக்கும். பனி முதலில் கரைவதும் அங்கேதான். நன்றாகச் சறுக்கத் தெரிந்தவர் கேபிள் கார் ஏறி மேலே போய்விடுவார். மாட்டிக்கொள்வது புதியவர்தான். சறுக்கவே தெரியாதவருக்குத்தான் உயரமான ஊர் அதிகம் தேவை. இதைப் பலரும் நேர்மாறாக நினைக்கிறார்கள்.

உயரத்துக்கும் ஒரு விலை உண்டு

அதற்காக எல்லோரும் வால் தோரன்ஸ் போயே ஆகணும் என்றில்லை. அவ்வளவு உயரத்தில் மரம் கிடையாது. பனி கொட்டும் நாளில் வானமும் தரையும் ஒரே வெள்ளையாகி, சரிவு எங்கே இறங்குகிறது என்றே கண்ணுக்குத் தெரியாது. பலத்த காற்றடித்தால் லிஃப்டை நிறுத்திவிடுவார்கள். முதல் ஓரிரு நாட்கள் சிலருக்குத் தலைவலி, தூக்கமின்மை வரலாம். ஊரும் 1970-களில் பனிச்சறுக்குக்காகவே எழுப்பிய கட்டடங்கள்தான். பழைய தேவாலயம், மரவீடு, கடைத்தெரு என்று சுற்றிப் பார்க்க ஆசைப்பட்டால் கிட்ஸ்பூலின் அழகு இங்கே வராது.

என்ன செய்யலாம்? தாழ்வான ஊர்தான் பிடித்திருக்கிறது என்றால் ஜனவரி நடுவில் இருந்து பிப்ரவரிக்குள் போங்க. டிசம்பரிலோ மார்ச் கடைசியிலோதான் போக முடியும் என்றால் உயரமான ஊரைத் தவிர வேறு யோசனை வேண்டாம். சுவிட்சர்லாந்தின் செர்மாட் இரண்டுக்கும் நடுவில். ஊர் சுமார் 1,600 மீட்டரில், கேபிள் கார் 3,883 மீட்டர் வரை. மேலே பனியாறு இருப்பதால் ஆண்டு முழுக்கச் சறுக்கலாம். பெட்ரோல் கார்களுக்கு ஊருக்குள் அனுமதி இல்லை, டேஷ் என்ற இடத்தில் நிறுத்திவிட்டு ரயிலில் போக வேண்டும். அழகு, வசதி எல்லாம் உண்டு. பில்லும் அதற்கேற்ற மாதிரி வரும்.

பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு

சரிவுகளுக்குக் கடின அளவைப் பொறுத்து நிறம் கொடுத்திருப்பார்கள். நீலம் எளிது, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். பிரான்ஸில் நீலத்துக்கும் கீழே பச்சை உண்டு. இதுக்கெல்லாம் உலகப் பொது அளவுகோல் கிடையாது. ஆஸ்திரியாவின் சாங்க்ட் ஆன்டனில் இருக்கும் நீலச் சரிவு வேறு ஊர்களின் சிவப்புக்குச் சமம் என்று அனுபவசாலிகள் சொல்வார்கள்.

1924-ல் முதல் குளிர்கால ஒலிம்பிக் நடந்த ஷாமோனியும் அப்படித்தான். மோன்ட் பிளாங்க் மலையைப் பார்க்க அற்புதமான ஊர். ஆனால் சறுக்கும் பகுதிகள் பள்ளத்தாக்கில் சிதறிக் கிடக்கின்றன, ஒன்றில் இருந்து இன்னொன்றுக்குப் பஸ்ஸில் போக வேண்டும். முதன்முறை போகிறவர்களுக்குப் பொருத்தமில்லை.

அவர்களுக்கு ஆஸ்திரியாவின் ஓபர்குர்கல் (1,930 மீட்டர்), ஓபர்டாவர்ன் (1,740 மீட்டர்) போன்றவை நல்ல தேர்வு. 1965-ல் வெளியான பீட்டில்ஸ் குழுவின் 'ஹெல்ப்!' படத்தில் வரும் பனிக் காட்சிகள் ஓபர்டாவர்னில்தான் படமானது. '600 கி.மீ. சரிவுகள்' என்ற விளம்பரத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். முதல் வாரம் முழுக்க ஒரே சரிவில்தான் விழுந்து எழுந்திருக்கப் போகிறோம்.

பனியைப் பார்த்தால் போதும் என்பவர்களுக்கு

குடும்பத்தோடு போகும்போது பாதிப் பேர் சறுக்க மாட்டார்கள். இந்தியர்கள் அதிகம் போகும் டிட்லிஸ் மலைக்கு எங்கல்பெர்கில் இருந்து சுழலும் கேபிள் காரில் 3,020 மீட்டர் வரை ஏறலாம். மேலே ஷாருக்கான் - கஜோல் கட்-அவுட் வரவேற்கும். கிரிண்டல்வால்டில் ஃபால்ஹார்ன் மலையில் இருந்து 15 கி.மீ. நீளத்துக்கு மரச் சறுக்குவண்டிப் பாதை இருக்கிறது. ஆனால் தொடக்க இடத்துக்கு வண்டியை இழுத்துக்கொண்டு சுமார் இரண்டரை மணி நேரம் நடக்கணும். தாத்தா பாட்டிக்குச் சொல்லாதீங்க!

செலவும் இன்சூரன்ஸும்

பெரிய மையங்களில் ஒரு நாள் லிஃப்ட் பாஸ் 70 - 80 யூரோவைத் தொடும். பூட்ஸ், ஸ்கீ வாடகையும் பயிற்சிக் கட்டணமும் தனி. புதியவர்கள் முதல் மூன்று நாளுக்கு முழுப் பாஸ் வாங்கத் தேவையில்லை. குறைந்த கட்டணப் பாஸ் பல ஊர்களில் உண்டு, சில இடங்களில் தொடக்கநிலை லிஃப்டுகள் இலவசம். கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரங்களும் பிப்ரவரியில் பிரான்ஸ் பள்ளி விடுமுறையும் உச்சகட்ட விலை. ஜனவரி இரண்டாவது வாரத்துக்குப் பிறகு கூட்டமும் குறைவு, விலையும் குறைவு.

ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். அதை எடுத்தாச்சு, போதும் என்று இருந்துவிடக் கூடாது. பல பாலிசிகளில் பனிச்சறுக்கு விபத்து விலக்குப் பட்டியலில் இருக்கும். மலையில் கால் முறிந்தால் ஹெலிகாப்டர் வரும், பின்னாலேயே அதற்கான பில்லும் வரும். குறியிட்ட சரிவுக்கு வெளியே போய் விபத்தானால் காப்பீடு செல்லுமா என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இத்தாலியில் 2022 ஜனவரியில் இருந்து, பிறருக்கு ஏற்படுத்தும் சேதத்துக்கான காப்பீடு இல்லாமல் சரிவில் இறங்க முடியாது. அங்கே 2025 நவம்பரில் இருந்து பெரியவர்களுக்கும் ஹெல்மெட் கட்டாயம்.