கப்பல்வாசிகளுக்கு இரண்டு ஹிஜ்ரத்



நெடுங்கடல் கடந்து வருபவருக்குக் கரை தென்பட்டதும் மனம் குளிரும். எனினும், கரையிலுள்ளோர் முகமலர்ச்சியுடன் தம்மவராக ஏற்றுக்கொள்ளும்போதுதான் அவர் வீடு வந்து சேர்ந்தவராகிறார். நபித்தோழர்களில் ஒரு கூட்டத்தார், தாம் ஒருபோதும் கண்டிராத ஓர் ஊருக்குத் தம் சொந்த ஊருக்குத் திரும்புவதைப் போல் வந்து சேர்ந்தார்கள். 'அஸ்ஹாபுஸ் ஸஃபீனா', அதாவது கப்பல்வாசிகள் என்று வரலாறு அவர்களை அழைக்கிறது.

நபித்துவத்தின் 5ஆம் ஆண்டு, கி.பி. 615இல் குறைஷிகளின் கொடுமை எல்லை மீறியது. நீதி தவறாத மன்னர் ஆளும் ஹபஷா (அபிசீனியா) நாட்டிற்குச் செல்லுமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் தோழர்களுக்கு வழிகாட்டினார்கள். முதற் குழுவினர் ஷுஐபா துறையில் இரண்டு வணிகக் கப்பல்களில், ஆளுக்கு அரைத் தீனார் கட்டணத்தில் ஏறிச் சென்றதாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். அடுத்து எண்பதுக்கும் மேற்பட்ட ஆண்களும், அவர்களுடன் பெண்களும் சென்றனர். நபியவர்களின் பெரிய தந்தையின் மகன் ஜஅஃபர் இப்னு அபீதாலிப் (ரலி) அவர்களும், அவர்களின் துணைவியார் அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) அவர்களும் அக்குழுவில் இருந்தனர். நஜ்ஜாஷி மன்னரின் அவையில் சூரத்து மர்யமின் தொடக்க வசனங்களை ஓதிக் காட்டி அவர் உள்ளத்தை உருக்கியவர்கள் இந்த ஜஅஃபர் (ரலி) அவர்களே.

காலம் கடந்தது. கி.பி. 622இல் நபியவர்கள் மதீனாவுக்கு ஹிஜ்ரத் சென்றார்கள். பத்ர் (624), உஹுத் (625), அகழ்ப்போர் (627) என அடுத்தடுத்து நிகழ்ந்தன. கடலுக்கு அப்பால் இருந்தவர்கள் இவற்றில் எதிலும் பங்குபெற இயலவில்லை. அவர்களில் சிலர் அந்நிய மண்ணிலேயே மரணித்தனர். பிள்ளைகளும் அங்கேயே பிறந்தனர். மக்காவையும் மதீனாவையும் பெயரளவில் கேட்டே வளர்ந்தனர்.

ஹிஜ்ரி 7ஆம் ஆண்டில் நபியவர்கள் அம்ர் இப்னு உமைய்யா (ரலி) அவர்களை நஜ்ஜாஷியிடம் அனுப்பினார்கள். மன்னர் இரண்டு கப்பல்களை ஏற்பாடு செய்து முஹாஜிர்களை வழியனுப்பினார். யமனிலிருந்து மதீனா செல்லப் புறப்பட்டு, கப்பல் ஹபஷாவில் ஒதுங்கிவிட்டதால் அங்கேயே ஜஅஃபர் (ரலி) அவர்களுடன் தங்கிவிட்ட அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்களும், அவர்களின் கூட்டத்தார் ஐம்பதுக்கும் மேற்பட்டோரும் உடன் வந்தனர். மதீனாவின் துறையான அல்ஜார் கரையில் இறங்கி, ஒட்டகங்களை வாடகைக்கு அமர்த்தி ஊர் வந்தபோது, நபியவர்கள் கைபரில் இருந்தார்கள். வெற்றி கிட்டிய வேளையில் இவர்கள் அங்கே போய்ச் சேர்ந்தார்கள்.

கைபர் வெற்றி, ஜஅஃபரின் வருகை ஆகிய இரண்டில் எது தமக்கு அதிக மகிழ்ச்சி தருகிறது என்று தெரியவில்லை என நபியவர்கள் பூரித்ததாக ஓர் அறிவிப்பு கூறுகிறது. போரில் கலந்துகொள்ளாத வேறெவருக்கும் வழங்காத பங்கினைக் கப்பல்வாசிகளுக்கு வழங்கினார்கள். ஹபஷாவில் பிறந்த சிறுமி உம்மு காலித் (ரலி) அவர்களுக்குத் தம் கரத்தாலேயே வேலைப்பாடுள்ள ஓர் ஆடையை அணிவித்து, "ஸனாஹ், ஸனாஹ்" என்றார்கள். ஹபஷா மொழியில் அதற்கு 'அழகு' என்று பொருள். புதிய ஊரில் மருளும் குழந்தையிடம், அவள் அறிந்த மொழியிலேயே பேசிய அந்தப் பரிவை எண்ணிப் பாருங்கள்!

ஆயினும், ஒரு சொல் நெஞ்சில் தைக்கத்தான் செய்தது. அஸ்மா (ரலி) அவர்கள், அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களைக் காணச் சென்றிருந்தபோது உமர் (ரலி) அவர்கள் அங்கே வந்தார்கள். ஹிஜ்ரத்தில் நாங்களே முந்தியவர்கள். ஆகவே இறைத்தூதரிடம் எங்களுக்கே உரிமை அதிகம் என்ற கருத்தில் பேசினார்கள். அஸ்மா (ரலி) அவர்கள் சினமுற்றார்கள். நீங்கள் இறைத்தூதருடன் இருந்தீர்கள், அவர்கள் உங்களில் பசித்தவருக்கு உணவளித்தார்கள், அறியாதவருக்கு அறிவு புகட்டினார்கள். நாங்களோ அல்லாஹ்வுக்காகவும் அவனுடைய தூதருக்காகவும் தொலைதூர அந்நிய மண்ணில் துன்பத்திலும் அச்சத்திலும் கிடந்தோம் என்று பதிலளித்தார்கள். இதை நபியவர்களிடம் கூறும் வரை உண்ணவோ பருகவோ மாட்டேன். கூட்டியோ திரித்தோ கூறவும் மாட்டேன் என்று ஆணையிட்டார்கள்.

செய்தியைக் கேட்ட நபியவர்கள், உமருக்கு உங்களைவிட அதிக உரிமை இல்லை. அவருக்கும் அவருடைய தோழர்களுக்கும் ஒரு ஹிஜ்ரத், கப்பல்வாசிகளாகிய உங்களுக்கோ இரண்டு ஹிஜ்ரத் என்று தீர்ப்பளித்தார்கள். அதன்பின் கப்பல்வாசிகள் கூட்டம் கூட்டமாக வந்து அந்த நற்செய்தியை அஸ்மா (ரலி) அவர்களிடம் கேட்டுச் சென்றனர். உலகில் வேறெதுவும் அவர்களுக்கு அதனினும் பெரிதாக இருக்கவில்லை. அபூமூஸா (ரலி) அவர்களோ, திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டார்கள்.

ஊர் வந்த ஜஅஃபர் (ரலி) அவர்கள் ஓராண்டுக்குச் சற்றே கூடுதலான காலம்தான் அங்கே வாழ்ந்தார்கள். ஹிஜ்ரி 8இல் முஃதாப் போரில் ஷஹீதானார்கள். அப்போது நபியவர்கள், ஜஅஃபரின் குடும்பத்தாருக்கு உணவு சமைத்துக் கொடுக்குமாறு பணித்தார்கள். பதின்மூன்று ஆண்டுகள் அந்நியராக வாழ்ந்த குடும்பத்தின் துயரத்தை ஊரே தன் துயரமாக ஏற்றுக்கொண்டது.

சகோதரர்களே! நம் வீடுகளிலும் பல்லாண்டுகள் கடல் கடந்து உழைத்துத் திரும்புவோர் உள்ளனர். ஊரின் நன்மை தீமைகளில் நீ உடன் இருக்கவில்லையே என்ற ஒரு சொல், அவர்கள் பட்ட பாடனைத்தையும் வீணென்று ஆக்கிவிடக்கூடும். உடனிருந்தவரின் உழைப்பும் தியாகம்தான். தொலைவில் இருந்தவரின் தனிமையும் தியாகம்தான். திரும்பி வருவோரை இன்முகத்துடன் ஏற்று, அவர்களுக்குரிய பங்கையும் கண்ணியத்தையும் வழங்கும் நல்லுள்ளத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.