இருபத்தொரு வயதுப் பொது வேட்பாளர்

இளம் வயதில் நாடாளுமன்றம் புகுந்தவர்களைப் பற்றி எழுதப்படுவனவற்றில் பெரும்பாலும் வயதே முதலிடம் பெறுகிறது. 1969 ஏப்ரல் 17 அன்று வட அயர்லாந்தின் மிட் அல்ஸ்டர் தொகுதி இடைத்தேர்தலில் வென்ற பெர்னடெட் டெவ்லினுக்கும் இதுவே நேர்ந்தது. அவர் உடுத்திய மினிஸ்கர்ட்டைப் பற்றி எழுதிய பத்திரிகைகள், அவர் பேசிய வேலையின்மையைப் பற்றி அந்த அளவுக்கு எழுதவில்லை. இருபத்தொரு வயது மாணவி வென்றார் என்பது செய்தி. அன்று அவருக்கு விழுந்த 33,648 வாக்குகள் உண்மையில் யாருக்கு விழுந்தவை என்பதே நம்மை இழுக்கும் கேள்வி.

1947 ஏப்ரல் 23இல் டைரோன் மாவட்டத்துக் குக்ஸ்டவுனில், ஒரு கத்தோலிக்கத் தச்சரின் மகளாகப் பிறந்தார் பெர்னடெட். தந்தை வேலை தேடி இங்கிலாந்துக்குப் போய்வந்து குடும்பம் நடத்தியவர். மகளுக்கு ஒன்பது வயதாகும்போது இறந்தார். ஆறு பிள்ளைகளைத் தாய் அரசு உதவித்தொகையில் வளர்த்தார். பெல்ஃபாஸ்டின் க்வீன்ஸ் பல்கலைக்கழகத்தில் உளவியல் மாணவியாக இருந்தபோது, 1967இல் தாயையும் இழந்தார் பெர்னடெட். தம்பி தங்கையரைக் கவனிப்பதும் படிப்பதும் ஒருசேர அவர் தலையில் விழுந்தன. அவர் பின்னாளில் பேசிய வறுமை நூல்களிலிருந்து எடுத்த வறுமையன்று என்பதற்காக இதைக் குறிப்பிடுகிறோம்.

அன்றைய வட அயர்லாந்தில் உள்ளாட்சித் தேர்தலில் எல்லோருக்கும் வாக்கில்லை. வீட்டுவரி செலுத்துவோருக்கும் அவர்தம் வாழ்க்கைத்துணைக்கும் மட்டுமே வாக்கு. நிறுவன உரிமையாளர்களுக்கோ கூடுதல் வாக்குகள் உண்டு. வீடில்லாதவனுக்கு வாக்கில்லை; வீட்டை ஒதுக்குவதோ அந்த வாக்கில் வென்ற மன்றம். டெர்ரி நகரில் கத்தோலிக்கரே பெரும்பான்மையினர். ஆயினும் வட்டங்களின் எல்லைகளை வளைத்து வரைந்திருந்ததால், பிரிட்டனோடு இணைந்திருக்க விரும்பும் யூனியனிஸ்ட் கட்சியே நகர மன்றத்தை ஆண்டுகொண்டிருந்தது. ஆகவே அந்நாட்டில் ஒரு வீட்டுச் சாவி என்பது வாக்குச்சீட்டும்கூட.

இதனை எதிர்த்து 1968 அக்டோபர் 5 அன்று டெர்ரியில் தடையை மீறி நடந்த குடியுரிமை ஊர்வலத்தைக் காவலர்கள் தடியால் அடித்துக் கலைத்தனர். தொலைக்காட்சிப் படக்கருவியொன்று அதைப் பதிவு செய்தது. ஊர்வலத்தில் பெர்னடெட்டும் இருந்தார். நான்கு நாள்களில் பெல்ஃபாஸ்ட் மாணவர்கள் ‘மக்கள் ஜனநாயகம்’ என்ற அமைப்பைத் தொடங்கினர். அமெரிக்கக் கறுப்பினத்தவரின் செல்மா நடைப்பயணத்தை மனத்திற்கொண்டு, 1969 புத்தாண்டு நாளில் பெல்ஃபாஸ்டிலிருந்து டெர்ரிக்கு நடக்கத் தொடங்கினர். ஜனவரி 4 அன்று பர்ன்டோலட் பாலத்தருகே, கல்லும் ஆணியடித்த கட்டைகளும் கொண்டு காத்திருந்த கூட்டம் அவர்களைத் தாக்கியது. அடிபட்டவர்களில் பெர்னடெட்டும் ஒருவர்.

அடுத்த மாதமே வட அயர்லாந்துச் சட்டமன்றமான ஸ்டார்மண்டிற்குத் தேர்தல் வந்தது. மாணவர்கள் சில தொகுதிகளில் நின்றனர். பெர்னடெட்டுக்குக் கிடைத்தது தெற்கு டெர்ரி. எதிரே ஜேம்ஸ் சிச்செஸ்டர் கிளார்க் என்னும் நிலவுடைமைக் குடும்பத்தவர். பெர்னடெட் தோற்றார். பதிவான வாக்குகளில் மூன்றிலொரு பங்குக்கு மேல் பெற்றுத் தோற்றார் என்பதையும் சொல்ல வேண்டும். வென்றவரோ அந்த ஆண்டு மே மாதமே வட அயர்லாந்தின் பிரதமரானார்.

மிட் அல்ஸ்டரின் கதை இன்னும் விசித்திரமானது. அங்கே கத்தோலிக்க வாக்குகள் சற்றே மிகுதி. 1955இல் சிறையிலிருந்த டாம் மிட்செல் என்ற குடியரசுவாதியை அத்தொகுதி இருமுறை தேர்ந்தெடுத்தது. தண்டனைக் கைதி என்பதால் இருமுறையும் அவர் தகுதியிழந்தார். பின்னர் அத்தொகுதி யூனியனிஸ்ட் கட்சியின் ஜார்ஜ் ஃபாரஸ்ட்டிடம் போய் நின்றது. லண்டன் நாடாளுமன்றத்தில் காலடி வைப்பதே அயர்லாந்துக்குத் துரோகம் என்பது குடியரசுவாதிகளின் நிலை; போய்ப் பேச வேண்டும் என்பது தேசியவாதிகளின் நிலை. இரு தரப்பும் தனித்தனியே நின்றால் வெற்றி மூன்றாமவருக்கு.

ஃபாரஸ்ட் இறந்து இடைத்தேர்தல் அறிவிக்கப்பட்டபோது அதே சிக்கல் மறுபடியும் எழுந்தது. தேசியவாதிகள் பக்கம் ஆஸ்டின் கரி, குடியரசுவாதிகள் பக்கம் கெவின் அக்னியூ என்று பெயர்கள் இருந்தன. ஒருவருக்காக மற்றவர் விலக மாட்டார். மூன்றாவதாக ஒருவர் வந்தால் இருவரும் விலகலாம். அந்த மூன்றாமவர்தாம் பெர்னடெட். பொது வேட்பாளர்கள் பெரும்பாலும் எவருக்கும் பெரிதாகப் பிடித்தவர்கள் அல்லர். எவருக்கும் பெரிதாகப் பிடிக்காதவர்களும் அல்லர். அவரோ வென்றால் அவைக்குச் சென்று பேசுவேன் என்றார். குடியரசுவாதிகள் அதை விழுங்கிக்கொண்டனர்.

யூனியனிஸ்ட் கட்சி மறைந்தவரின் மனைவி அன்னா ஃபாரஸ்ட்டை நிறுத்தியது. பெர்னடெட்டின் மேடைப்பேச்சோ வேலை, வீடு, கூலி என்றே போனது. புராட்டஸ்டண்ட் ஏழையும் கத்தோலிக்க ஏழையும் ஒரே கையால் சுரண்டப்படுகிறவர்கள் என்று ஊர் ஊராகச் சொன்னார். கைதட்டினார்கள். ஆனால் அன்று 91 விழுக்காட்டுக்கு மேல் வாக்குகள் பதிவாயின என்பதைக் கவனிக்க வேண்டும். கொள்கையை எடைபோட்டு அந்த அளவில் மக்கள் வாக்குச்சாவடிக்கு வருவதில்லை. இன்னார் வந்துவிடக் கூடாது என்ற அச்சமே இரு பக்கத்தாரையும் அப்படிக் கொண்டுவந்து சேர்க்கும். 33,648க்கு எதிராக 29,437. அவர் மறுத்த மதக் கணக்கே அவரை வெல்லவைத்தது என்று நாம் கருதுகிறோம்.

ஏப்ரல் 22 அன்று, இருபத்திரண்டாம் பிறந்தநாளுக்கு முந்தைய நாள், அவைக்குச் சென்றார். கன்னிப்பேச்சில் தொகுதியின் எழிலைப் போற்றி, எவரையும் நோகாமல் பேசி அமர்வது அவ்வவையின் மரபு. அவர் பதவியேற்ற சற்று நேரத்திலேயே எழுந்து, சற்றுமுன் பேசிய யூனியனிஸ்ட் உறுப்பினரின் வாதங்களை அவையோர் முன்னிலையில் பிரித்துப்போட்டார். அந்த உறுப்பினர் வேறு யாருமல்லர். தெற்கு டெர்ரியில் தம்மைத் தோற்கடித்தவரின் தம்பி. இராணுவத்தை அனுப்புவது தீர்வாகாது என்றும், அங்கே செல்லும் சிப்பாயின் தாயாகவோ தங்கையாகவோ இருக்கத் தாம் விரும்பவில்லை என்றும் அப்பேச்சில் கூறினார். நான்கே மாதத்தில், ஆகஸ்ட் 14 அன்று, டெர்ரியின் தெருக்களில் இராணுவம் இறங்கியது. அதற்கு முன்னைய இரு நாள்களும் பாக்சைட் பகுதியின் தடுப்பரண்களுக்குப் பின்னால் மக்களோடு நின்றவர் அவர். அதற்காக ஆறு மாதச் சிறைத்தண்டனையும் பெற்றார்.

அதே ஆகஸ்டில் அமெரிக்கா சென்றார். ஐரிஷ் வழியினர் திரளாக வரவேற்றனர். நியூயார்க் மேயர் நகரின் திறவுகோலை வழங்கினார். கறுப்பினத்தவரின் உரிமை பற்றி அவர் பேசத் தொடங்கியதும் வரவேற்றவர்களில் பலருக்கு முகம் சுளித்தது. திறவுகோல் பின்னர் கருஞ்சிறுத்தைகள் அமைப்பின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. மிட் அல்ஸ்டரில் மறைந்திருந்த முரண்பாடு அமெரிக்காவில் வெளிப்பட்டது எனலாம். அவ்வாண்டே வெளிவந்த ‘என் ஆன்மாவின் விலை’ என்ற தன்வரலாற்று நூலிலும், தம்மைவிடத் தம்மை உருவாக்கிய சூழலை விளக்குவதிலேயே அவர் கருத்தாயிருக்கிறார். இருபத்திரண்டு வயதில் தன்வரலாறு எழுதுவோரிடம் நாம் எளிதில் எதிர்பார்க்கக்கூடிய அடக்கமன்று அது.

1970 ஜூனில் மீண்டும் வென்றார். அம்மாத இறுதியிலேயே சிறைக்குள் போனார். 1971இல் திருமணமாகாமல் ஒரு குழந்தைக்குத் தாயானபோது, அவருக்கு வாக்களித்த கத்தோலிக்கக் குடும்பங்கள் பல அவரிடமிருந்து விலகின. 1974 பிப்ரவரித் தேர்தலில் பொது வேட்பாளர் என்ற ஏற்பாடு இல்லை. சமூக ஜனநாயகத் தொழிற்கட்சி, அவருடைய பழைய போராட்டத் தோழர் ஐவன் கூப்பரை எதிரே நிறுத்தியது. கூப்பரும் பெர்னடெட்டும் பெற்ற வாக்குகளைக் கூட்டினால் 36 ஆயிரம். வென்ற யூனியனிஸ்ட் வேட்பாளர் ஜான் டன்லப் பெற்றவை 26 ஆயிரம்.