பந்தயப் பலகையில் இரு குறிகள்

குறிகள் சிறியவை, அவை சுமக்கும் பொருளோ பெரிது. கூட்டலைக் காட்டும் சகக் குறியும் கழித்தலைக் காட்டும் சயக் குறியும் 1489ஆம் ஆண்டிலேயே அச்சேறிவிட்டன. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் அவ்வாண்டு வெளிவந்த யோகன்னஸ் விட்மனின் வணிகக் கணித நூலில் அவற்றைக் காணலாம். பண்டங்களின் நிறையில் மிகுதி எவ்வளவு, குறைவு எவ்வளவு என்பதையே அவை அங்கு குறித்தன. அதற்கும் பல நூற்றாண்டுகளுக்கு முன்னர், கி.பி. 628இல், பிரமகுப்தர் நேர் எண்ணைச் செல்வமாகவும் மறை எண்ணைக் கடனாகவும் கொண்டு விதிகள் வகுத்திருந்தார்.

வணிகரின் இக்குறிகள் ஐக்கிய அமெரிக்காவின் விளையாட்டுப் பந்தயப் பலகையில் ஏறியபோது வேறொரு பொருளைப் பெற்றன. அங்கே 100 டொலரே அளவுகோல். ‘சய 150’ என்றால், 100 டொலர் இலாபம் பெற 150 டொலர் கட்டவேண்டும். வெல்லுமெனப் பலரும் கருதும் பக்கம் அது. ‘சக 130’ என்றால், 100 டொலர் கட்டியவர் வென்றால் 130 டொலர் இலாபம் பெறுவார். தோற்குமெனக் கருதப்படும் பக்கம் இது. கட்டிய முதலும் வென்றவருக்கு மீளும்.

இவ்விலைகளுக்குள் இன்னொரு கணக்கும் மறைந்துள்ளது. நட்டமின்றி மீள, முதற்பக்கம் நூற்றுக்கு 60 தடவை வெல்லவேண்டும். மறுபக்கம் ஏறத்தாழ 43.5 தடவை வெல்லவேண்டும். இரண்டின் கூட்டுத்தொகை 103.5. நூற்றுக்கு மேற்பட்ட அந்த மூன்றரையிலேதான் பந்தயம் நடத்துவோரின் ஆதாயம் அடங்கியிருக்கிறது. இரு பக்கமும் பணம் விகிதப்படி சேருமாயின், எவர் வென்றாலும் அவர்களுக்கு இலாபமே.

1990ஆம் ஆண்டு பெப்ரவரி 11ஆம் நாள், டோக்கியோ நகரில், அதுவரை தோல்வி காணாத குத்துச்சண்டை வீரர் மைக் டைசனை ஜேம்ஸ் டக்ளஸ் எதிர்த்தார். லாஸ் வேகாஸ் பந்தயக்காரர் டக்ளஸுக்கு வைத்த விலை ஒன்றுக்கு 42. குறியிட்டு எழுதின் ‘சக 4200’. பத்தாம் சுற்றில் வீழ்ந்தவரோ டைசன்!

நடக்கப்போவதைக் குறிகள் உரைப்பதில்லை. மாந்தர் நம்பிக்கையின் விலையையே அவை உரைக்கின்றன. சயக் குறியை உறுதிமொழியென எண்ணிப் பெரும்பொருள் கட்டுவோருக்கு, பிரமகுப்தர் அதற்குத் தந்த பழம்பொருளே இறுதியில் மிஞ்சக்கூடும்: கடன்.