சல்லடைக்கு முன்னால் நின்றவள்

பிரான்ஸின் தெற்கே, வெர்தோன் ஆறு சுண்ணாம்புப் பாறையை அறுத்து உண்டாக்கிய மலையிடுக்கு ஐரோப்பாவின் பேர்பெற்ற நடைவழிகளில் ஒன்று. சில இடங்களில் அதன் பாறைச்சுவர் 700 மீட்டர் உயரம். 1905 ஆகஸ்டில் எதுவார்-அல்ஃப்ரெத் மர்த்தேல் என்ற குகை ஆய்வாளர் ஒரு குழுவோடு அதைக் கடந்தார். பக்கத்து ஊரான ருகோனின் பள்ளி ஆசிரியர் இசிதோர் பிளானும் அந்தக் குழுவில் இருந்தார். இன்று அந்த நடைபாதைக்கு இவ்விருவரின் பெயர்தான். மத்தியதரைக்கடல் நாடுகளின் ஆற்றிடுக்குகளைப் பற்றிய வரலாறு பெரும்பாலும் இந்த வடிவத்தில்தான் நமக்குக் கிடைக்கிறது. ஓர் ஆண்டு இருக்கும், ஓர் ஆண் இருப்பார், 'முதன்முதலாக' என்ற சொல் இருக்கும்.

நான் பேச விரும்புவது வேறோர் இடுக்கைப் பற்றி. வெர்தோன் அளவுக்கு ஆழமானதல்ல. பார்த்ததும் வாயடைத்துப்போகும்படியான காட்சியும் அங்கில்லை. ஹைஃபா நகருக்குத் தெற்கே, கார்மேல் மலையின் மேற்குச் சரிவு முடிந்து கடலோரச் சமவெளி தொடங்கும் இடத்தில் அது இருக்கிறது. அரபியில் அதன் பெயர் வாதி அல்-முகாரா, அதாவது குகைப் பள்ளத்தாக்கு. 1929 முதல் 1934 வரை அங்கே நடந்த அகழாய்வு, ஆதிமனிதரைப் பற்றி அதுவரை இருந்த அறிவைப் புரட்டிப்போட்டது. அகழாய்வை நடத்தியவர் ஒரு பெண். கிடைத்த விலங்கெலும்புகளை ஆராய்ந்தவர் இன்னொரு பெண். மண்ணில் உட்கார்ந்து தோண்டியவர்களில் பெரும்பாலோரும் பெண்கள். முதலிருவரின் பெயர்களைப் பெண்ணியவாதிகள் மீட்டெடுத்துவிட்டார்கள். தோண்டியவர்களில் ஒரே ஒருத்தியின் பெயர் மட்டும், அதுவும் பாதிப் பெயராக, நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது. அந்தப் பாதிப் பெயர்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

சுண்ணாம்புப் பாறை நிலத்தில் ஏன் நடந்துதான் தேட வேண்டும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மழைநீர் இந்தப் பாறையைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. உள்ளே குகைகள் உண்டாகின்றன. ஆறு கீழே கீழே அறுத்துக்கொண்டு போகப்போக, பழைய குகைகள் சுவரின் உயரத்தில் வாய் திறந்து நின்றுவிடுகின்றன. மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்க விலங்குகள் அங்கே வருகின்றன, மனிதர்களும் வருகிறார்கள். காற்று கொண்டுவந்த மண், அடுப்புச் சாம்பல், தின்று போட்ட எலும்பு எல்லாம் அடுக்கடுக்காகப் படிகின்றன. சுண்ணாம்பு எலும்பை மட்கவிடாமல் காக்கிறது. ஆகவே இந்த நிலத்தின் பழங்கதையைத் தேடுகிறவர் ஆற்றுப்படுகை வழியே நடந்து, சுவரை அண்ணாந்து பார்த்து, ஏறிப் போய்த் தட்டிப் பார்க்க வேண்டும். கையில் சுத்தியல் வேண்டும், காலில் வலு வேண்டும்.

டாரத்தியா பேட்டுக்கு இரண்டும் இருந்தன. 1878-இல் பிறந்த அவருக்கு முறையான படிப்பு அதிகமில்லை. 1898-இல், 19 வயதில், லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குத் தானாகவே போய் வேலை கேட்டார். பறவைத் தோல்களை வகைபிரிக்கும் வேலை கிடைத்தது. மூன்று ஆண்டுகள் கழித்துச் சைப்ரஸ் தீவுக்குப் போய், மலைகளிலும் குகைகளிலும் ஒன்றரை ஆண்டு நடந்தும் கோவேறு கழுதையில் ஏறியும் திரிந்தார். குள்ள நீர்யானையின் எலும்புகளும் குள்ள யானையின் எலும்புகளும் அவர் கைக்கு வந்தன. 1904-இல் கிரீட் தீவுக்குப் போனார். அங்கே அவர் கண்டெடுத்த யானை இனம் தோள்வரை ஒரு மீட்டருக்குச் சற்றே கூடுதல் உயரம். 1909-இல் மயோர்காவில், கடலோரப் பாறைக் குகைகளில், எலியைப் போல் ஓயாமல் வளரும் முன்பற்களைக் கொண்ட, அழிந்துபோன ஓர் ஆட்டினத்தைக் கண்டுபிடித்தார். மயோட்ராகஸ் என்று அவரே பெயரிட்டார்.

மயோர்காவில் ஒரு தூதரக அதிகாரி தன்னிடம் அத்துமீறப் பார்த்ததையும் அவர் எழுதிவைத்திருக்கிறார். தனியே ஆய்வுக்குப் போகும் பெண்ணுக்குப் பாறையைவிட எது ஆபத்து என்பது 1909-லும் தெரிந்த செய்திதான். ஆனால் நம் மாணவிகள் கவனிக்க வேண்டியது இன்னொன்று என்று நினைக்கிறேன். ஏறத்தாழ 50 ஆண்டுகள் அந்த அருங்காட்சியகத்துக்காக உழைத்த பேட்டுக்கு, பெரும்பாலான காலம், நிரந்தரப் பணி இல்லை. எத்தனை எலும்புகளைச் சுத்தம்செய்து ஆய்வுக்குத் தயாராக்கினாரோ அத்தனைக்குக் கூலி. பீடி சுற்றுகிறவருக்கும் பூ கட்டுகிறவருக்கும் கணக்குப் பார்ப்பதுபோல, புதிய உயிரினங்களைக் கண்டுபிடித்த ஓர் அறிவியலாளருக்கும் எண்ணிக்கைக் கூலிதான்.

அடுத்தவர் டாரத்தி காரட். 1892-இல் பிறந்தவர். முதல் உலகப்போர்க் காலத்தில் சகோதரர்கள் மூவரையும் இழந்தவர். கேம்பிரிட்ஜின் நியூன்ஹாம் மகளிர் கல்லூரியில் வரலாறு படித்து 1916-இல் முடித்தார். பெண்கள் அங்கே படிக்கலாம், தேர்வெழுதலாம்; ஆனால் முழுப் பட்டம் தரமாட்டார்கள். பாரிஸில் தொல்லியல் கற்று, 1926-இல் ஜிப்ரால்டரில் ஒரு நியாண்டர்தால் குழந்தையின் மண்டையோட்டைக் கண்டெடுத்தார். 1928-இல், பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ் இருந்த பாலஸ்தீனத்தில், ரமல்லாவுக்கு வடமேற்கே வாதி அன்-நாதூஃப் என்ற இடுக்கில் உள்ள ஷுக்பா குகையைத் தோண்டினார். கற்சில்லு பதித்த அரிவாளால் காட்டுத் தானியத்தை அறுத்து உண்ட, விவசாயத்துக்கு முந்திய மக்களின் தடயங்கள் அங்கே கிடைத்தன. அந்தப் பண்பாட்டுக்கு அவர் வைத்த பெயர் நாதூஃபியன். அந்த ஓடையின் பெயர் இப்படித்தான் உலகத் தொல்லியல் நூல்களுக்குள் போனது.

அதே 1928-இல் ஹைஃபா துறைமுகம் கட்டக் கல் வேண்டியிருந்தது. வாதி அல்-முகாராவின் பாறையை வெட்டுவதென்று திட்டம். அதற்கு முன் தொல்லியல் துறை நடத்திய சோதனைத் தோண்டலில் பழங்காலச் செதுக்குவேலை ஒன்று கிடைத்தது. கல்வெட்டும் திட்டம் கைவிடப்பட்டது. அடுத்த ஆண்டு அகழாய்வுப் பொறுப்பு காரட்டிடம் வந்தது. முதல் ஆண்டில் அவருடன் பணியாற்றிய ஆய்வாளர்கள் பெண்களே.

அங்கிருந்த குகைகளின் பெயர்களைப் பாருங்கள். ஒன்று அத்-தாபூன். தாபூன் என்றால் ரொட்டி சுடும் மண்ணடுப்பு. பாலஸ்தீனக் கிராமங்களில் அது பெண்கள் புழங்கும் இடம். இன்னொன்று அஸ்-ஸுகூல், ஆட்டுக்குட்டிகள் என்று பொருள். மூன்றாவது அல்-வாத், பள்ளத்தாக்குக் குகை. ஆய்வாளர்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பே, ஆடு மேய்த்தவர்களும் அடுப்பெரித்தவர்களும் அந்த இடுக்கை அங்குலம் அங்குலமாக அறிந்திருந்தார்கள். அவர்களுடைய நடையை யாரும் 'ஆய்வு' என்று சொன்னதில்லை.

பக்கத்து ஊர்களான இஜ்ஸிமிலிருந்தும் ஜபாவிலிருந்தும் காரட் பெண்களை வேலைக்கு எடுத்தார். நுணுக்கமாகத் தோண்டுவதும் பொறுக்குவதும் சலிப்பதும் பெரும்பாலும் அவர்கள் வேலை; பாறை புரட்டுவது போன்ற கனத்த வேலைகளுக்கு ஆண்கள். தாபூன் குகையில் மட்டும் படிவுகள் ஏறத்தாழ 25 மீட்டர் ஆழம். எட்டு மாடிக் கட்டட உயரத்துக்கு மண், அதில் ஒவ்வோர் அடுக்கும் தனித்தனியே கையால் பார்க்கப்பட வேண்டும். எல்லாப் பருவங்களையும் சேர்த்தால் 22 மாத வேலை.

அந்தப் பெண்களில் ஒருத்தி யுஸ்ரா. ஆண்டுதோறும் வந்து அனுபவத்தில் தேர்ந்து மேஸ்திரி நிலைக்கு உயர்ந்தவள். தோண்டிய மண் சல்லடைக்குப் போகுமுன் அதைப் பார்த்து, முக்கியமானதைப் பொறுக்கி எடுக்கும் பொறுப்பு அவளுடையது. இந்த வேலையைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. கல் உடைந்ததா, மனிதக் கை உடைத்ததா, ஆட்டுப் பல்லா, மனிதப் பல்லா என்பதை அந்தக் கணத்திலேயே கண் தீர்மானிக்க வேண்டும். தவறவிட்டால் அது குப்பையோடு போய்விடும். 1932-இல் தாபூன் குகையில் யுஸ்ராவின் கண்ணில் ஒரு பல் பட்டது. அந்தப் பல்லைத் தொடர்ந்து போனபோது நசுங்கிய மண்டையோடு கிடைத்தது. ஏறத்தாழ முழு எலும்புக்கூடும் வெளிவந்தது. ஒரு லட்சம் ஆண்டுகளுக்கும் மேற்பட்டதாகக் கணிக்கப்படும் நியாண்டர்தால் பெண். 'தாபூன் 1' என்ற பெயரில் இன்று அது லண்டனில் இருக்கிறது.

அந்தப் பருவத்தில் யுஸ்ராவுடன் வேலை செய்தவர்களில் ஒருவர் கேம்பிரிட்ஜ் மாணவி ஜாக்வெட்டா ஹாப்கின்ஸ். பின்னாளில் ஜாக்வெட்டா ஹாக்ஸ் என்ற பெயரில் புகழ்பெற்ற எழுத்தாளரானவர். யுஸ்ரா கேம்பிரிட்ஜுக்குப் போய்ப் படிக்க ஆசைப்பட்டதையும், இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதையும் முதிய வயதில் அவர்தான் நினைவுகூர்ந்தார். யுஸ்ராவைப் பற்றி நமக்குத் தெரிந்தது கிட்டத்தட்ட இவ்வளவுதான். தகப்பன் பெயரோ குடும்பப் பெயரோ வரலாற்று நூல்களில் இல்லை.

காரட்டும் பேட்டும் எழுதிய கார்மேல் மலைக் கற்கால ஆய்வின் முதல் தொகுதி 1937-இல் வந்தது. பேட் அதில் ஒரு புதிய முறையைக் கையாண்டார். ஒவ்வோர் அடுக்கிலும் நவ்வி மான் எலும்பு எத்தனை, காட்டை விரும்பும் டாமா மான் எலும்பு எத்தனை என்று எண்ணினார். நவ்வி கூடினால் வறட்சி, டாமா கூடினால் ஈரம் என்று கொண்டு, பல்லாயிரம் ஆண்டுத் தட்பவெப்பத்தை ஒரு வரைபடமாக்கினார். விலங்கெலும்பிலிருந்து பழைய சூழலைக் கணிக்கும் முன்னோடி முயற்சி இது. எண்ணிக்கைக் கூலிக்கு எலும்பைச் சுத்தம் செய்தவர், அந்த எண்ணிக்கையிலிருந்தே ஓர் அறிவியலை உருவாக்கினார். அவர் எண்ணிய எலும்புகளைச் சல்லடை முன் நின்று பொறுக்கியவர்கள் இஜ்ஸிம், ஜபா பெண்கள்.

1939 மே மாதம் காரட் கேம்பிரிட்ஜின் தொல்லியல் பேராசிரியராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆக்ஸ்ஃபோர்டிலோ கேம்பிரிட்ஜிலோ பேராசிரியர் பதவிக்கு வந்த முதல் பெண் அவர். பெண்களுக்குப் பட்டம் தராத பல்கலைக்கழகத்தில் ஒரு பெண் பேராசிரியர். பல்கலைக்கழக நிர்வாகத்தில் வாக்களிக்கும் உரிமை அவருக்கு இருக்கவில்லை.

இனி 1948-க்கு வருகிறேன். நம் பெண்ணிய வாசிப்புக்கு அந்த ஒரே ஆண்டு ஒரு சோதனை என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த ஆண்டில்தான் கேம்பிரிட்ஜ் பெண்களுக்கு முழுப் பட்டம் தரத் தொடங்கியது. அந்த ஆண்டில்தான் பேட், எழுபதை நெருங்கும் வயதில், டிரிங் ஊரிலுள்ள கிளை அருங்காட்சியகத்தின் பொறுப்பதிகாரி ஆனார். மூன்று ஆண்டுகளில் இறந்துபோனார். அந்த ஆண்டு ஜூலை கடைசி வாரத்தில்தான் இஸ்ரேலியப் படைகள் இஜ்ஸிம், ஜபா, ஐன் கஸால் ஆகிய மூன்று ஊர்களையும் தாக்கி மக்களை வெளியேற்றின. இஜ்ஸிமில் மட்டும் ஏறத்தாழ 3,000 பேர் இருந்தார்கள். அடுத்த ஆண்டு அந்த நிலத்தில் வேறு பெயரில் ஒரு குடியிருப்பு எழுந்தது. யுஸ்ரா என்ன ஆனாள் என்பதைப் பின்னாளில் தேடிய ஆய்வாளர்களால் கண்டறிய முடியவில்லை.

கேம்பிரிட்ஜ் கதவு திறந்ததை மட்டும் எடுத்துக்கொண்டால் 1948 பெண்களின் வெற்றி ஆண்டு. இஜ்ஸிம் பெண்களின் பக்கமிருந்து பார்த்தால் அது வீடும் ஊரும் போன ஆண்டு. ஒன்றைச் சொல்லி மற்றதை விட்டுவிடுகிற பெண்ணிய வரலாறு, எந்தப் பெண்களுக்கானது என்ற கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். காரட்டைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் இதைச் சொல்லவில்லை. அவர் கிராமத்துப் பெண்களை நம்பி நுணுக்கமான வேலையைக் கொடுத்தார். அந்த நம்பிக்கையால்தான் ஒரு பல் சல்லடையில் தொலையாமல் தப்பியது. ஆனால் அவர் அங்கே போக முடிந்ததற்கும், கண்டெடுத்தது லண்டனுக்குப் போனதற்கும் பேரரசு காரணம். பட்டம் மறுக்கப்பட்ட பெண்ணும் பேரரசின் குடிமகளும் ஒரே ஆள்தான். இரண்டையும் சேர்த்துச் சொன்னால் காரட் சிறியவராகிவிட மாட்டார். யுஸ்ரா கண்ணுக்குத் தெரிவாள்.

2012-இல் யுனெஸ்கோ இந்தப் பள்ளத்தாக்கை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. எபிரேயப் பெயரான நஹல் மெஅரோத்தும் அரபுப் பெயரும் அறிவிப்பில் அடுத்தடுத்து இருக்கின்றன. இரண்டுக்கும் பொருள் கிட்டத்தட்ட ஒன்றே. சுற்றுலாப் பயணிகள் இப்போது படியேறிப் போய்த் தாபூன் குகையின் அடுக்குகளைப் பார்க்கிறார்கள்.

வரலாறு படிக்கும் மாணவிகளிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. எந்த அகழாய்வு அறிக்கையைப் படித்தாலும் கண்டுபிடித்தவர் பெயரோடு நிறுத்திவிடாதீர்கள். நன்றியுரைப் பக்கத்தைப் படியுங்கள், குழுப் புகைப்படத்தின் ஓரத்தில் நிற்பவர்களைப் பாருங்கள், கூலிக் கணக்கு எங்கேனும் இருக்கிறதா என்று தேடுங்கள். சல்லடைக்கு முன்னால் நின்றது யார் என்று கேளுங்கள். யுஸ்ராவின் முதற்பெயராவது நமக்குக் கிடைத்தது, யாரோ ஒருவர் அறுபது ஆண்டு கழித்து ஒரு மூதாட்டியிடம் போய் அப்படியொரு கேள்வியைக் கேட்டதால்தான்.