ஹனிஃபாரு விரிகுடா

மாலைத்தீவின் பா அட்டோல் என்னும் பவளத்தீவு வளையத்தில், கிழக்கு விளிம்பை ஒட்டி அமைந்த சிறு விரிகுடா ஹனிஃபாரு. பக்கத்திலுள்ள, ஆள் குடியில்லாத ஹனிஃபாரு தீவின் பெயரே இதற்கும் வழங்குகிறது. பரப்பு ஏறத்தாழ ஒரு கால்பந்து மைதானம் அளவுதான். ஆனாலும் மான்டா திருக்கைகள் இரைக்காகக் கூட்டங்கூட்டமாகத் திரளும் இடங்களில் உலகிலேயே பெரும்பெயர் பெற்றது இதுதான். முக்குளிப்போரால் புகழடைந்த இக்கடலில் 2012 முதல் ஸ்கூபா முக்குளிப்புக்கே அனுமதி இல்லை. இதன் வரலாற்றில் மிக முக்கியமான முடிவு அதுவே.

விரிகுடாவின் செல்வத்துக்குக் காரணம் அதன் வடிவம். பவளப்பாறைகள் மூன்று பக்கமும் சூழ்ந்திருக்க, வாய்ப்பக்கம் அகன்றும் உட்பக்கம் குறுகி அடைபட்டும் இருக்கிறது. மே முதல் நவம்பர் வரையிலான தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் கடல் நீரோட்டம் மேற்கிலிருந்து கிழக்காகத் தீவுச்சங்கிலியைக் கடந்து ஓடும். தீவுகளின் கிழக்குப் பக்க நீரில் அப்போது மிதவை நுண்ணுயிர்கள் பெருகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய உவா நாட்களில் ஓதம் ஏறும்போது, வெளிக்கடல் நீர் அந்த நீரோட்டத்துக்கு எதிராக அட்டோலுக்குள் தள்ளிக்கொண்டு வரும். நுண்ணுயிர்களைச் சுமந்துவரும் அந்த நீர் ஹனிஃபாருவுக்குள் புகுந்து, போக வழியின்றிச் சுழலும். சில மணி நேரத்துக்குத் தண்ணீர் கலங்கலாகும் அளவுக்கு இரை அடர்ந்துவிடும். ஓதம் வற்றத் தொடங்கியதும் எல்லாம் கலைந்துபோகும். ஆகவே நாள், நேரம், காற்று எல்லாம் கூடிவந்தால்தான் காட்சி. எல்லாம் பொருந்தியும் திருக்கைகள் வராமல் போகும் நாட்களும் உண்டு.

வருபவை பெரும்பாலும் பாறைக்கடல் மான்டா திருக்கைகள். விலங்கியலில் மோபுலா அல்ஃப்ரெடி எனப்படும் இவற்றின் இறக்கை விரிப்பு பொதுவாக 3 மீட்டருக்கு மேல் இருக்கும். வாலில் கொடுக்கு கிடையாது. தலையின் இருபுறமும் சுருண்டிருக்கும் மடல்களை விரித்து, நீரை வாய்க்குள் செலுத்தி, செவுள்களில் வடித்து உண்ணும். இரை குறைவாக இருந்தால் தனித்தனியே மேயும். கூடக்கூட ஒன்றன்பின் ஒன்றாக வரிசை கட்டும். உச்சநிலையில் அந்த வரிசையின் தலைப்பகுதி வளைந்து வாலைத் தொட்டு, நூற்றுக்கும் மேற்பட்ட திருக்கைகள் ஒரே சுழலாகச் சுற்றும். அச்சுழற்சியே நீரையும் சுழற்றி இரையை நடுவில் குவிக்கிறது. உலகில் வேறெங்கும் அரிதாகவே காணக்கூடிய இந்தச் சூறாவளி மேய்ச்சல் ஹனிஃபாருவின் தனிப்பெருமை. உலகின் மிகப் பெரிய மீனான திமிங்கிலச் சுறாவும் இதே இரையைத் தேடி அவ்வப்போது நுழையும். நம் கடற்கரைகளில் அதற்கு அம்மணி உழுவை என்று பெயர்.

மாலைத்தீவு மீனவர் பல நூற்றாண்டுகளாகத் தூண்டிலால் சூரை பிடிப்பதையே பிரதானமாகக் கொண்டிருந்தனர். தமிழர் சமையலுக்கு வந்துசேரும் மாசிக் கருவாடு அந்தச் சூரைதான். வெளிக்கடல் மீனே வாழ்வாதாரமாக இருந்ததால் பாறைக்கடல் உயிர்கள் மேல் அழுத்தம் குறைவாக இருந்தது. திமிங்கிலச் சுறா மட்டும் தப்பவில்லை. மரப் படகுகளுக்குப் பூசும் ஈரல் எண்ணெய்க்காக அதை வேட்டையாடினார்கள். 1995இல் அந்த வேட்டை தடை செய்யப்பட்டது. 2010இல் சுறா வேட்டை முழுவதும் நிறுத்தப்பட்டது. 2014இல் எல்லாத் திருக்கைகளும் சட்டப் பாதுகாப்புப் பெற்றன.

பின்னர் பா அட்டோலில் சுற்றுலா விடுதிகள் திறந்தன. ஹனிஃபாருவின் பெயர் வெளியுலகில் பரவியது அதற்குப் பிறகுதான். பிரிட்டன் கடலுயிரியலாளர் கை ஸ்டீவன்ஸ் 2005இல் மாலைத்தீவு மான்டா ஆய்வுத் திட்டத்தைத் தொடங்கினார். ஒரு மான்டாவின் வயிற்றுப் புள்ளிகள் இன்னொன்றுக்கு இராது. படம் பிடித்துவைத்தால் ஆயுள் முழுக்க அடையாளம் காணலாம். இம்முறையில் நாடு முழுதும் 5,000க்கும் மேற்பட்ட திருக்கைகள் பதிவாகியுள்ளன. பெண் மான்டா ஓராண்டு போலச் சூல் கொண்டு, பெரும்பாலும் ஒரே குட்டியைத்தான் ஈனும். பருவமடையவும் பல ஆண்டுகள் ஆகும். ஒரு கூட்டம் அழிந்தால் ஈடுகட்டுவது எளிதல்ல என்பதைச் சட்டம் இயற்றுவோருக்கு எடுத்துச்சொல்ல இந்தப் பதிவுகளே சான்றாக நின்றன.

2009 ஜூனில் அரசு விரிகுடாவைப் பாதுகாக்கப்பட்ட கடற்பகுதியாக அறிவித்தது. அடுத்த மாதமே நேஷனல் ஜியோகிராஃபிக் இதழில் தாமஸ் பெஷாக் எடுத்த படங்கள் வெளிவர, படகுகள் குவியத் தொடங்கின. பாதுகாப்பும் புகழும் ஒரே பருவத்தில் வந்து மோதிக்கொண்டன. முக்குளிப்போர் விடும் காற்றுக்குமிழிகள் மேய்ச்சல் நடக்கும் மேல்நீருக்கே எழுந்து திருக்கைகளைக் கலைத்தன. 2011இல் பா அட்டோலை யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றது. ஹனிஃபாரு அதன் மையப் பகுதிகளில் ஒன்றானது. 2012இல் ஸ்கூபா தடை வந்தது.

இப்போது ஸ்நார்க்கல் குழலுடன் நீந்த மட்டுமே அனுமதி. ஒரு நேரத்தில் 5 படகுகள், 80 பேர். ஒருவருக்கு 45 நிமிடம். சான்று பெற்ற வழிகாட்டி உடன் வரவேண்டும், திருக்கையைத் தொடக்கூடாது. காவலர்கள் கண்காணிக்கிறார்கள். நுழைவுக் கட்டணம் பா அட்டோல் பாதுகாப்பு நிதிக்குச் செல்கிறது. இவ்விதிகளால் பார்வையாளர் இழப்பது ஏதுமில்லை. மான்டாக்கள் பெரும்பாலும் மேல்மட்டத்திலேயே மேய்கின்றன. குழலோடு மிதப்பவருக்கு அவை மிக அருகில் கிடைக்கும் காட்சி. 80 பேர் என்பதுகூட இவ்வளவு சிறிய இடத்துக்கு அதிகம்தான். பக்கத்துத் தீவான தரவந்தூவில் 2012இல் விமான நிலையம் திறந்து, உள்ளூர் விருந்தினர் இல்லங்களும் பெருகியிருக்கும் நிலையில், அந்த வரம்பைக் கூட்டாமல் காப்பதே பெரிய வேலை.

ஆழத்தில் இறங்க விரும்புவோருக்குப் பா அட்டோலில் வேறு இடங்கள் உண்டு. 1999 முதல் பாதுகாப்பில் உள்ள திகாலி ஹா என்னும் நீரடித் திட்டில் சாம்பல்நிறப் பாறைச் சுறாக்களையும் பாரை மீன் கூட்டங்களையும் காணலாம். தொன்ஃபனு திலா அதன் குடைவுகளுக்குப் பெயர்பெற்றது. இந்த அட்டோலில் ஏறத்தாழ 250 வகைப் பவளங்களும் 1,200 வகை மீன்களும் இருப்பதாக யுனெஸ்கோ குறிப்பிடுகிறது. 1998இலும் 2016இலும் கடல்நீர் சூடேறி மாலைத்தீவுப் பவளங்கள் பெருமளவில் வெளுத்தன. அந்தச் சேதத்தைத் தடுக்கும் வலிமை ஹனிஃபாருவின் எல்லைக்கோட்டுக்கு இல்லை. அங்கே குவியும் இரையும் அட்டோலுக்கு வெளியே, திறந்த கடலில் விளைவதே. பருவக்காற்றும் கடற்சூடும் மாறினால் மான்டாக்களின் வருகையும் மாறும். ஆண்டுதோறும் பதிவெடுக்கும் ஆய்வாளர்கள் இன்று முதன்மையாகக் கவனிப்பது அந்த மாற்றத்தைத்தான்.