‘பீமேல்’ என்ற அடை: கேமரன் மலைத் தேயிலைத் தோட்டமும் 34ஆம் பிரிவும்

தோட்டத் தொழில் பற்றிய ஆய்வுகளில் ஒரு கருத்து நெடுநாளாக வேரூன்றியிருக்கிறது. ஆங்கிலச் சட்டமும் பதிவேடும் தொழிலாளியை ‘ஹி’ (அவன்) என்றே எழுதின. அதனால் கொழுந்து பறித்த பெண் எழுத்தில் மறைந்துபோனாள் என்பது அந்த வாதம். மலேசியாவின் கேமரன் மலையை முன்வைத்துப் பார்த்தால் இது பாதி உண்மைதான். மறைக்கப்பட்ட இடங்களைவிட, பெண் என்று சுட்டிப் பிரிக்கப்பட்ட இடங்களிலேயே அவள் அதிகம் இழந்தாள்.

மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டமே இதற்குச் சான்று. அதன் 12ஆம் பிரிவு, வேலை ஒப்பந்தத்தை முடிக்க விரும்புபவர் முன்னறிவிப்புத் தர வேண்டும் என்கிறது. அங்கே வருவது ‘ஹிஸ்’ என்ற ஆண்பாற்சொல். ஆனால் ஆண்பாற்சொல் பெண்ணையும் உள்ளடக்கும் என்ற விதி 1850லேயே பிரிட்டிஷ் சட்டத்தில் இடம்பெற்றுவிட்டது; மலேசியாவின் பொருள்கோடல் சட்டங்களும் அதையே சொல்கின்றன. ஆகவே இந்த ‘ஹிஸ்’ கொழுந்து பறிப்பவளின் உரிமை எதையும் குறைக்கவில்லை.

34ஆம் பிரிவுக்கு வந்தால் நிலைமை வேறு. ‘எம்ப்ளாயீ’ என்று போய்க்கொண்டிருந்த சட்டம் இங்கே ‘பீமேல் எம்ப்ளாயீ’ (பெண் தொழிலாளி) என்றது. தொழில்துறையிலோ விவசாயத்திலோ இரவு 10 மணி முதல் காலை 5 மணி வரை பெண்ணை வேலை வாங்கக் கூடாது என்றிருந்தது. தொடர்ந்து 11 மணி நேர ஓய்வு இல்லாமல் அவள் அடுத்த நாள் வேலையைத் தொடங்கவும் கூடாது என்றது. இதைப் பாதுகாப்பு என்றே படித்துவந்திருக்கிறார்கள். நோக்கம் அதுவாகவே இருக்கலாம்.

ஆனால் தேயிலையின் நேரக்கணக்கு தனி. பகலில் பறித்த கொழுந்து பல மணி நேரம் வாட வேண்டும். உருட்டுவதும் புளிக்க வைப்பதும் உலர்த்துவதும் அதற்குப் பிறகுதான். ஜே.ஏ. ரஸ்ஸல் 1929இல் போ தோட்டத்தைத் தொடங்கிய இந்த மலையிலும் இலைக்கு வேறு வழியில்லை. சரிவில் கூடை சுமந்தவள் பறித்த இலை ஆலைக்குள் போனது. இரவில் அதன்பின் போகும் வழியைச் சட்டம் அவளுக்கு அடைத்தது. ஆலை ஆணுக்கு, மலைச்சரிவு பெண்ணுக்கு என்ற பிரிவினையை இந்த ஒரு பிரிவே உண்டாக்கியது என்று சொல்லத் துணியமாட்டோம். அதற்குச் சட்ட வலு தந்தது என்பதில் ஐயமில்லை. தொழிலாளர் துறைத் தலைமை இயக்குநர் விலக்கு அளித்திருக்கலாமே என்பார்கள். ஆணுக்கு அந்த விலக்கே தேவைப்படவில்லை.

கூலியிலும் இதே கதைதான். 1920களின் பிற்பகுதியில் மலாயாவின் பல பகுதிகளில் இந்தியத் தொழிலாளருக்கு நிர்ணயித்த நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. பால் இங்கே மறைக்கப்படவே இல்லை, துல்லியமாக எழுதப்பட்டிருக்கிறது.

தமிழில் ‘ஆள்’ பொதுச்சொல். பிரிக்க வேண்டுமானால் ‘ஆம்பளை ஆள்’, ‘பொம்பளை ஆள்’ என்று இருவருக்கும் அடை சேர்கிறது. 34ஆம் பிரிவில் அடை பெண்ணுக்கு மட்டுமே இருந்தது. தோட்டக் குடியிருப்பான லயத்தில் இருந்தவர்கள் ஆங்கிலச் சட்டத்தையா படித்தார்கள் என்று கேட்பது வீண். தோட்டக் கணக்கரான கிராணி படித்தார், வேலைக்குப் பேர் போட்டதும் அவர்தான்.

2022 திருத்தத்தால் 34, 35, 36ஆம் பிரிவுகள் நீக்கப்பட்டன. அது 2023 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்தது. அதே திருத்தம் மகப்பேறு விடுப்பை 98 நாளாக்கி, மணமான ‘மேல் எம்ப்ளாயீ’க்கு 7 நாள் விடுப்பும் தந்தது. அடை இப்போது ஆணுக்கும் வந்திருக்கிறது, ஒரு சலுகையோடு. இனித் தோட்ட ஆவணங்களில் ‘ஹி’யை மட்டும் தேடுவது போதாது, ஆலையின் இரவு வேலைப் பட்டியல்களையும், ‘பீமேல்’ என்று தனியாக எழுதிய ஒவ்வொரு வரியையும் கொழுந்துக் கணக்கோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.